கொசுவைத் தேடிய கவிஞர் சர் ரொனால்டு ராஸ்

உதகமண்டலத்திலிருந்து வடக்கே மைசூர் நோக்கி இறங்கும் சீகூர் மலைச்சரிவு கொங்கு நாட்டார் அறியாத இடமன்று. கல்லட்டியைக் கடந்து, வளைந்து வளைந்து இறங்கி, மசினகுடிக் காட்டில் போய்ச் சேரும் பாதை அது. 1897ஆம் ஆண்டுக் கோடையில், விடுப்பில் உதகைக்கு வந்திருந்த இராணுவ மருத்துவர் ஒருவர் அந்தச் சரிவில் இறங்கினார். குளிர்ந்த மலைமீது ஓய்வு தேடி வந்தவர்கள் பொதுவாக அங்கே இறங்க விரும்பமாட்டார்கள்; அந்தப் பள்ளம் காய்ச்சலுக்குப் பெயர்போனது. அவர் இறங்கியதே அந்தக் காய்ச்சலுக்காகத்தான். கொய்னாவை முன்கூட்டியே உட்கொண்டிருந்தும், சில நாள்களில் அவரையே குளிரும் நடுக்கமும் பற்றிக்கொண்டன. கொசு கடித்து ஒரு வாரமேனும் கழிந்தால்தான் இந்தக் காய்ச்சல் வெளிப்படும் என்பது இன்று தெரிந்த செய்தி. ஆகவே அந்தக் கடி அவர் சீகூரில் காலடி வைக்குமுன்பே எங்கோ பட்டிருக்க வேண்டும். அன்று அதை அறிய வழியில்லை. ஆனால் அந்தச் சரிவில் அவர் கண்ணில் வேறொன்று பட்டது. சிறகில் புள்ளிகள் கொண்ட, அதுவரை அவர் கவனித்திராத ஒரு சிறு கொசு. அதன் முட்டைகள் படகு வடிவில் இருந்தன. இரண்டு ஆண்டுகளாகத் தவறான கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்துச் சலித்திருந்த மனிதருக்கு அந்தப் புள்ளிச் சிறகு போதுமானதாக இருந்தது.

அவர்தாம் ரொனால்டு ராஸ். மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவது கொசு என மெய்ப்பித்தவராக உலகம் அவரை அறியும். 1902ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றவராக அறியும். அவரோ இளமையிலிருந்தே தம்மை எழுத்தாளராகவும் கவிஞராகவுமே கண்டுவந்தார். மருத்துவம் தந்தை விதித்த தொழில். கவிதை அவர் தாமே தேடிக்கொண்டது. இந்த இரண்டுக்கும் இடையே கிடந்து உழன்ற வாழ்க்கை அவருடையது.

1857 மே 13 அன்று, குமாவோன் மலைப்பகுதியிலுள்ள அல்மோராவில் அவர் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து அன்றோடு மூன்று நாள்களே ஆகியிருந்தன. தந்தை கேம்பெல் ராஸ் இந்தியப் படையின் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் ரொனால்டு மூத்தவர். எட்டு வயதில் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். வைட் தீவில் உறவினர் வீட்டில் வளர்ந்த அந்தச் சிறுவனுக்கு ஓவியமும் இசையும் கணக்கும் இனித்தன. பதினாறு வயதில் ஓவியத்துக்கான பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றார். பின்னாளில் நுண்ணோக்கியின் கீழ்க் கண்டதை அப்படியே தாளில் வரைந்து வைக்க அந்தக் கை உதவியது. கலையே வாழ்வாக வேண்டும் என்று மகன் எண்ண, இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டும் என்று தந்தை முடிவுசெய்தார். இலண்டனில் புனித பர்த்தலோமியோ மருத்துவமனையில் சேர்ந்த ராஸ், பாடம் படித்ததைவிட நாடகமும் செய்யுளும் எழுதியதும் இசை அமைத்ததுமே மிகுதி. தேர்வு ஒன்றில் தவறினார். கப்பல் மருத்துவராக அட்லாண்டிக் கடலில் சிலகாலம் சென்றுவந்தார். மீண்டும் எழுதித் தேறினார். 1881இல் இந்தியாவுக்குக் கப்பலேறியவர் சென்னை மாகாணப் பணியில் அமர்ந்தார்.

அன்றைய இராணுவ மருத்துவருக்கு ஓய்வு மிகுதி. காலையில் படைவீரர்களைப் பார்த்து முடித்தால் மீதி நாள் அவருடையது. மற்றவர்கள் குதிரைப் போலோவிலும் வேட்டையிலும் கழித்த அந்தப் பொழுதை ராஸ் கணக்குக்கும் கவிதைக்கும் கொடுத்தார். சென்னை, விஜயநகரம், பர்மா, அந்தமான் என்று ஊர் ஊராக மாற்றலாகிப் போகும்போது உடன் சென்றவை எழுதி முடியாத ஏடுகள்தாம். பிள்ளைப் பருவத்தில் பிரிந்த நாட்டுக்குத் திரும்பியும் அந்நியராகவே வாழ்ந்த அந்தப் பதினெட்டு ஆண்டுகளின் பாடல்கள், பிற்காலத்தில் நாடுநீங்கிய வாழ்வு என்ற பொருள்படும் தலைப்பில் தொகுப்பாயின.

1883இல் பெங்களூரில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை இங்கே நின்று பார்க்க வேண்டும். அவர் தங்கியிருந்த பங்களாவின் அறையில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. பக்கத்து அறைகளில் அவ்வளவு இல்லை. தேடியபோது, சன்னலுக்கு வெளியே இருந்த ஒரு தொட்டி நீரில் புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மகிழ்ந்துபோய், முகாமில் இருந்த மற்றத் தொட்டிகளையும் குவளைகளையும் இவ்வாறே கவிழ்த்துவிடலாம் எனப் படை அலுவலரிடம் கூறினார். கொசுக்களும் ஏதோ ஒரு காரணத்துக்காகவே படைக்கப்பட்டுள்ளன, அவற்றை அழிப்பது இயற்கையின் ஒழுங்கைக் குலைப்பதாகும், பொறுத்துக்கொள்வதே கடமை என்று அந்த அலுவலர் மறுத்துவிட்டார். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்புண்டு என்று ராஸ் அப்போது கனவிலும் எண்ணியவரல்லர். ஆயினும், தம் வாழ்நாள் முழுவதும் அவர் உலகுக்குச் சொல்லப்போகும் செய்தி அன்றே அந்தத் தொட்டியடியில் அவர் கைக்கு வந்துவிட்டது. நோய் இன்னதென்று அறியுமுன் தடுப்பு இன்னதென்று அறிந்த விந்தை அது.

1888இல் நீண்ட விடுப்பில் இங்கிலாந்து சென்றவர் பொதுச் சுகாதாரத்தில் பட்டயம் பெற்றார், நுண்ணுயிரியல் பயின்றார், ரோசா பிளாக்சம் என்ற மங்கையை 1889இல் மணந்தார், அதே ஆண்டில் கடலின் குழந்தை என்ற பொருளுடைய முதல் நாவலையும் வெளியிட்டார்.

மலேரியா அப்போது பெயரளவிலேயே ஒரு தவறு. கெட்ட காற்று என்பதுதான் அந்த இத்தாலியச் சொல்லுக்குப் பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக் காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்தது. நம்மவர்கள் குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல், மலைக்காய்ச்சல் என்றார்கள். நோய் நடக்கும் விதத்தையும் அது வாழும் இடத்தையும் வைத்துச் சொன்ன அந்தப் பெயர்களில் பிழை இல்லை. 1880இல் அல்ஜீரியாவில் லாவரான் என்ற பிரெஞ்சுப் படை மருத்துவர், நோயாளியின் இரத்தத்தில் கருநிறத் துகள் சுமந்த ஒற்றைச் செல் உயிர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். இந்தியாவிலிருந்த ராஸ் அதைத் தம் நுண்ணோக்கியில் காண முயன்று தோற்றார். தோற்றதோடு நில்லாமல், அப்படி ஓர் உயிரே இல்லை, காய்ச்சல் குடலிலிருந்து எழும் நஞ்சால் வருவது என்று கட்டுரைகளும் எழுதினார். பெரியோர் வாழ்க்கையை எழுதுவோர் இத்தகைய இடங்களை மெல்லத் தாண்டிப் போவது வழக்கம். ஆனால் ராசின் பெருமை இந்தத் தவற்றை அறிந்தால்தான் விளங்கும்.

1894 ஏப்ரலில் இலண்டனில் பாட்ரிக் மான்சன் என்ற மூத்த மருத்துவர் அவரை அழைத்து, நுண்ணோக்கியில் பிறை வடிவான அந்த உயிரைக் காட்டினார். யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதைச் சீன நாட்டில் இருந்தபோது கண்டவர் மான்சன். மலேரியாவுக்கும் கொசுவே காரணமாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். கண்ணால் கண்டபின் ராஸ் தம் பழைய கொள்கையைக் கைவிட்டார். 1895இல் இந்தியா திரும்பியவர் செகந்தராபாத்தில் பேகம்பேட்டைப் படைமுகாமில் இறங்கிய நாள் முதல் கொசுப் பிடிக்கத் தொடங்கினார்.

மான்சனின் ஊகத்தில் பாதி சரி, பாதி பிழை. கொசு நீரில் விழுந்து செத்து, அந்த நீரைக் குடிப்பவர்க்கு நோய் வருகிறது என அவர் நினைத்தார். அந்தப் பிழையும் ராசின் தலையிலே விடிந்தது. நோயாளியைக் கடித்த கொசுக்கள் இறந்து கிடந்த நீரைக் கூலி கொடுத்துச் சிலரைக் குடிக்கச் செய்து பார்த்தார். இன்றைய மருத்துவ அறம் இதற்கு ஒருபோதும் இடம் தராது. அன்று யாரும் கேட்கவில்லை. அதில் தெளிவு எதுவும் கிடைக்கவுமில்லை. இடையில் வாந்திபேதியைத் தடுக்கும் பணிக்காகப் பெங்களூருக்கு அனுப்பப்பட்டார். ஆராய்ச்சி நின்றது. வீடுகளைச் சுற்றி எளிதில் கிடைத்த சாம்பல் நிறக் கொசுவையும் கோடிட்ட கொசுவையுமே அவர் ஆராய்ந்துவந்தார். மனித மலேரியா அவற்றில் வளர்வதேயில்லை. நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்தும் ஒன்றும் தெரியாததற்கு அதுவே காரணம். கொசுக்களில் இத்தனை இனங்கள் உண்டென்று சொல்லித்தரும் நூல்கூட அப்போது அவர் கைக்குக் கிட்டவில்லை. எனவேதான் சீகூர்ச் சரிவில் கண்ட அந்தப் புள்ளிச் சிறகு அத்தனை முதன்மை உடையதாயிற்று. இன்று அனாபிலஸ் என்று பள்ளிப் பிள்ளைகளும் பெயர் சொல்லும் கொசு அதுதான். சுவரில் அமரும்போது வாலை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி, சாய்வாய் அறைந்த ஆணி போல இருக்கும்.

1897 ஜூனில் செகந்தராபாத் திரும்பினார். தக்காணத்தின் வெப்பம் தணியவில்லை. பங்கா இழுத்தால் காற்றில் கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் விசிறியும் இல்லை. நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையில் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. இருந்த ஒரே கண்ணாடி வில்லையிலும் விரிசல் விழுந்திருந்தது. ஆகஸ்டில் அவருடைய ஆட்கள் கொண்டுவந்த புழுக்களிலிருந்து புள்ளிச் சிறகுக் கொசுக்கள் சில பொரிந்தன. ஆகஸ்டு 16 அன்று, உசேன் கான் என்ற காய்ச்சல் நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து அவற்றை உள்ளே விட்டார்கள். கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா என்பது பேச்சு. அந்த அணாக்களைப் பெற்றுக்கொண்டு அவர் தந்த இரத்தம்தான் கண்டுபிடிப்பின் மூலப்பொருள். உசேன் கானின் பெயரை ராஸ் மறவாமல் எழுதிவைத்தார். அந்தக் காலத்து அதிகாரிகள் பலர் செய்யாத செயல் அது.

கொசுக்களை நாளுக்குச் சிலவாக அறுத்துப் பார்த்தார். சில தாமாகவே இறந்தன. ஆகஸ்டு 20 அன்று உயிரோடு மிஞ்சியவை மிகச் சில. அவற்றுள் ஒன்றை எடுத்து, அதன் வயிற்றுச் சுவரை இழை இழையாகப் பார்த்துக்கொண்டே சென்றார். கண் களைத்துப்போன நேரம். விட்டுவிடலாம் என்ற நிலையில், கொசுவின் உடலுக்கு உரியதல்லாத வட்டமான ஒரு செல் தென்பட்டது. ஏறத்தாழ 12 மைக்ரான் அகலம். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எண்பதில் ஒரு பங்கைவிடச் சற்றே சிறியது. அதனுள் கரிய துகள்கள் இருந்தன. நோயாளியின் இரத்தத்தில் லாவரான் கண்ட உயிர் சுமந்த அதே கருமை. அப்படிப் பல செல்கள். மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தார். அதிலும் அவை இருந்தன. முந்தின நாளைவிடப் பெரிதாக இருந்தன. முழு நுட்பமும் இங்கேதான் அடங்கியிருக்கிறது. ஒருநாள் இடைவெளியில் பெரிதாகியிருக்கின்றன என்றால் அவை வளர்கின்றன. வளர்கின்றன என்றால் உயிருள்ளவை. ஆக, மனிதனின் இரத்தத்திலிருந்து கொசுவின் உடலுக்குள் போன நோய் அங்கே அழியவில்லை, வாழ்கிறது.

அன்று அவர் முதலில் எழுதியது ஆய்வுக் கட்டுரை அன்று, ஒரு கவிதை. பல உயிர்களைக் கொன்ற நோயின் மறைவிடம் தம் கைக்கு எட்டியதற்கு இறைவனுக்கு நன்றி கூறும் சில அடிகள். அவற்றை மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அனுப்பினார். கட்டுரை பிறகுதான் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 18 அன்று பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. பல்லாண்டுகள் உழன்று தேடிய ஒன்று கண்முன் நின்ற வேளையில் மனிதர் ஒருவர் எந்த மொழியை நாடுகிறார் என்பதில் அவர் யார் என்பது தெரிந்துவிடுகிறது. அவருடைய கவிதைகள் எல்லாம் சிறந்தவை என்று சொல்வதற்கில்லை. நீண்ட தத்துவப் பாடல்களில் கருத்தின் சுமையால் நடை தள்ளாடும். இருந்தும் ஜான் மேஸ்பீல்டு போன்ற கவிஞர்கள் அவரை மதித்தனர். அந்த ஆகஸ்டு மாதத்து அடிகள் மட்டும் சுமையற்றவை.

வெற்றியைத் தொடர விடாமல் அரசு அவரை இராஜபுதனத்தின் கேர்வாராவுக்கு மாற்றியது. மலேரியா நோயாளிகள் அரிதான இடம் அது. மருத்துவராக அவரைப் பார்த்த மேலிடம் ஆராய்ச்சியாளராகப் பார்க்கவில்லை. மான்சன் இலண்டனிலிருந்து வற்புறுத்தியபின், 1898 தொடக்கத்தில் கல்கத்தாவில் ஆராய்ச்சிக்கென்றே பணி தரப்பட்டது. அங்கே வேறொரு தடை. பிளேக் நோய்க்கான ஊசியைப் பற்றிய அச்சம் நகரெங்கும் பரவியிருந்ததால், விரலில் ஊசி குத்தி ஒரு துளி இரத்தம் கேட்டாலே மக்கள் ஓடினர். ராஸ் பறவைகளிடம் போனார். சிட்டுக்குருவிகளுக்கும் மலேரியா உண்டு. அதைப் பரப்புவது அவர் முன்பு வீணாக அறுத்துத் தள்ளிய சாம்பல் நிறக் கொசுவேதான். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கொசுக்களையும் குருவிகளையும் பேணினார். நோய் உயிர் கொசுவின் வயிற்றுச் சுவரில் வளர்ந்து, பழுத்து, வெடித்து, நூல் போன்ற ஆயிரக்கணக்கான இழைகளாகச் சிதறி, இறுதியில் எச்சில் சுரப்பியில் போய்க் குவிவதை 1898 ஜூலை 4 அன்று கண்டார். கொசு கடிக்கும்போது முதலில் எச்சிலைத்தான் செலுத்துகிறது. அவ்வளவுதான், வட்டம் முழுமையாயிற்று. நோய்க்கொசுக்களைக் கடிக்கவிட்டதும் நலமாயிருந்த குருவிகள் நோயுற்றன. குடிநீரும் இல்லை, கெட்ட காற்றும் இல்லை, கடிதான் வழி. அதே மாத இறுதியில் எடின்பரோவில் கூடிய மருத்துவ மாநாட்டில் மான்சன் இச்செய்தியை அறிவித்தார். மனித மலேரியாவின் சுற்றை அனாபிலசில் முழுமையாகக் காட்டும் வேலையை ஆண்டு முடிவதற்குள் இத்தாலியின் கிராசியும் அவருடைய தோழர்களும் செய்து முடித்தனர்.

1899 பிப்ரவரியில் ராஸ் இந்தியப் பணியை விட்டுக் கப்பலேறினார். உடுமலை வட்டத்துப் பூளவாடியில் நாராயணகவி பிறந்ததும் அந்த ஆண்டில்தான் என்பது நம் ஊர் அன்பர்கள் நினைவில் கொள்ளத்தக்க தற்செயல்.

இலிவர்ப்பூலில் புதிதாகத் தொடங்கிய வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கிருந்துதான் பெங்களூர்த் தொட்டியின் கதை மறுபடி தொடங்குகிறது. கொசுதான் காரணம் என்றால், கொசு பிறக்குமிடம் நீர் என்றால், செய்ய வேண்டியது என்ன என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. நம் வெப்ப நாடுகளில் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கொட்டிக் கவிழ்த்தால், பள்ளத்தைத் தூர்த்தால், வாய்க்காலின் ஓரப் புல்லைச் செதுக்கினால், மூட முடியாத குட்டையில் எண்ணெய் விட்டால் போதும். மருந்து வாங்கப் பணமில்லாத ஏழையும் செய்யக்கூடிய மருத்துவம் இது. 1899இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுனுக்குச் சென்று தெருக் குழிகளில் கொசுப் புழுக்களைத் தேடினார். 1902இல் சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியா நகருக்குக் கால்வாய் நிறுவனத்தார் அவரை அழைத்தனர். அங்கே ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்த காய்ச்சல் நோயாளிகள் தொகை, மூன்றே ஆண்டுகளில் ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. காய்ச்சல்களால் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றுத் திரும்பிய பனாமாவில், கொசு ஒழிப்பை முதலில் செய்துவிட்டு அமெரிக்கர் கால்வாய் வெட்டினர். 1904இல் ராஸ் அங்கும் சென்று பார்த்தார்.

அவர் பிறந்த நாட்டிலோ செய்தி வேறு. லாகூரை அடுத்த மியான்மீர் படைமுகாமில் 1902இல் தொடங்கிய கொசு ஒழிப்பு முயற்சி பயன் தரவில்லை என்று முடிவு கட்டப்பட்டது. ராஸ் கொதித்தெழுந்தார். சிறு பரப்பில், சிறு தொகையில், அரைமனதோடு செய்ததை முயற்சி என்றே அவர் ஒப்பவில்லை. பழைய படை அலுவலரின் விடைதான் வேறு சொற்களில் மீண்டும் வந்ததாக அவருக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

அந்தச் சினத்தின் நடுவே அவர் எடுத்த கருவி கணக்கு. சென்னை முகாம்களில் பொழுதுபோக்காகக் கற்ற கணக்கு இப்போது கைகொடுத்தது. 1907இல் மொரீசியசுக்குச் சென்று ஆராய்ந்து எழுதிய அறிக்கையிலும், 1910இல் வெளியிட்ட மலேரியாத் தடுப்பு என்ற பெருநூலிலும் ஒரு கருத்தை நிறுவினார். ஓர் ஊரில் மலேரியா அழியக் கடைசிக் கொசுவரை கொல்ல வேண்டியதில்லை. கொசுவின் தொகை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் போதும். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு நோய் போய்ச்சேரும் வாய்ப்புக் குன்றி, நோய் தானே தேய்ந்துவிடும். கொசுவை முற்றிலும் ஒழிக்க முடியாது, ஆகவே முயல்வது வீண் என்று கைகட்டி நின்றவர்களுக்கு அது விடை. இன்று தொற்றுநோய்களைக் கணக்கால் அளக்கும் துறைக்கு அடித்தளமிட்டோருள் அவர் ஒருவர்.

இந்தக் கணக்கின் உண்மையை இந்தியா பின்னாளில் இருமுறை கண்டது. விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர், எட்டு இலட்சம் பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. 1953இல் தேசியத் திட்டம் தொடங்கி வீடு வீடாக டி.டி.டி. தெளித்தபின், 1965 அளவில் நோயாளிகள் ஓர் இலட்சமாகக் குறைந்தனர். வென்றுவிட்டோம் என்று கை ஓய்ந்தது. கொசுவும் மருந்துக்குப் பழகியது. 1976இல் நோயாளிகள் 64 இலட்சம். நீரைக் கவனிக்காமல் மருந்தை மட்டும் நம்பியதும் அந்தச் சரிவின் காரணங்களுள் ஒன்று. நகரங்களில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் பிறக்கும் அனாபிலஸ் இனம் ஒன்று உண்டு. மலையடிவார ஓடைகளின் ஓரத்தில் பிறப்பது இன்னொன்று. ராஸ் கவிழ்க்கச் சொன்ன தொட்டி வடிவம் மாறி மாடிக்கு ஏறியிருக்கிறது.

உடுமலையின் தென்மேற்கே நிற்கும் ஆனைமலையில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்த காலத்தை எண்ணிப் பார்க்கலாம். ராஸ் நோபெல் பரிசு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்தபின்னும், மலையேறிய கூலி மக்கள் மலேரியாவில் கொத்துக் கொத்தாக மடிந்தனர். அத்தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் அந்தத் துயரை 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார், இரா. முருகவேள் தமிழில் எரியும் பனிக்காடு என்று தந்தார். மலேரியாவை எழுத வந்த மருத்துவர்களில் ராசுக்கு அடுத்து நாம் அறியவேண்டியவர் டேனியல். முன்னவர் நோயின் வழியைப் பாடினார். பின்னவர் அந்த வழியில் விழுந்தவர்களைப் பற்றி எழுதினார்.

ராசின் பிற்கால வாழ்வில் நிழலும் மிகுதி. கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்று கிராசியோடு பல்லாண்டுகள் பூசலிட்டார். கைபிடித்து வழிகாட்டிய மான்சன்மீதே ஒரு கடிதத்தின் பொருட்டு 1912இல் வழக்குத் தொடரத் துணிந்தார். அம்மை குத்தலைக் கண்டறிந்த ஜென்னருக்கு நாடாளுமன்றம் முப்பதாயிரம் பவுன் வழங்கியதைச் சுட்டி, தமக்கும் அவ்வாறு பரிசளிக்க வேண்டும் என்று விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. புகழுக்கும் பொருளுக்கும் இத்தனை வாதாடியது அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று. எனினும், அரசு சம்பளத்தில் அரசின் விருப்பமின்றி, சொந்தக் காசில் கொசு வாங்கி ஆராய்ந்தவர் அவர் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1911இல் சர் பட்டம் வந்தது. 1914 ஆகஸ்டில், போர் தொடங்கிய அதே மாதத்தில், பிரான்சின் லெ கத்தோ போர்க்களத்தில் மூத்த மகன் மாண்டார். தந்தை படைகளின் மலேரியா ஆலோசகராக வேலையில் மூழ்கினார்.

1923இல் வெளிவந்த தன்வரலாறு அவ்வாண்டின் ஜேம்ஸ் டெய்ட் பிளாக் இலக்கியப் பரிசைப் பெற்றது. இலக்கிய உலகம் அவருக்குத் தந்த பெரிய ஏற்பு கவிதைக்காக வரவில்லை, உரைநடைக்காக வந்தது. 1926இல் இலண்டனின் பட்னி ஹீத்தில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையமும் மருத்துவமனையும் திறக்கப்பட்டன. 1927 சனவரி 7 அன்று கல்கத்தாவில், முன்பு வேலைபார்த்த மருத்துவமனையின் மதிலில் எழுப்பிய நினைவு வாயிலை அவரே திறந்துவைத்தார். செகந்தராபாத்தில் வியர்வையோடு எழுதிய அந்தக் கவிதை அடிகளை அதில் பொறித்திருந்தார்கள். அவருடைய வேறெந்தப் பாடலையும் படித்திராத மக்கள் இன்றும் அந்த வாயிலைக் கடந்து நோயாளிகளைப் பார்க்கப் போகிறார்கள்.

வறுமை முதுமையில் நெருக்கியது. தம் கடிதங்களையும் கையெழுத்துப் படிகளையும் விற்க விளம்பரம் செய்தார். 1928இல் ஹூஸ்டன் சீமாட்டி இரண்டாயிரம் பவுனுக்கு வாங்கினார். அந்த ஆண்டிலேயே தேர்ந்தெடுத்த கவிதைகளின் தொகுப்பு ஒன்றும் வந்தது. 1931இல் மனைவி ரோசா மறைந்தார். நெடுநாள் நோயும் ஆஸ்துமாவும் வருத்த, 1932 செப்டம்பர் 16 அன்று, தம் பெயர் தாங்கிய மருத்துவமனையிலேயே ராஸ் உயிர்நீத்தார். கொசுவின் வயிற்றில் கண்டதை முதன்முதலில் கவிதையாகப் படித்த ரோசாவின் அருகிலேயே, பட்னி வேல் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர்.